பதினோரு ரோஜாவுக்குக் கவ்வாத்து

ராஜலிங்கத்தின் இடது கைக்கென்று கிளினிக்கில் கொடுத்த மஞ்சள் பந்து தை மாதம் முழுவதும் கோழிக்கூட்டின் தகரத்தின் மேல் கிடந்தது. காலையில் மனைவி வேலாயி அதை எடுத்துத் துடைத்து அவர் மடியில் வைப்பாள். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அவள் திரும்புவதற்குள் பந்து மறுபடியும் தகரத்துக்குப் போயிருக்கும். வலது கையால் குறி பார்த்து எறிவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"பந்து வெளையாடுற வயசா எனக்கு?"

"வெளையாடச் சொல்லல. நசுக்கச் சொன்னேன்."

"நசுக்கி?"

"நசுக்கினா வெரலு மடங்கும்."

"மடங்கி?"

இதற்குமேல் நின்று பதில் சொல்ல வேலாயிக்கு நேரம் இல்லை. போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட வேண்டும். கோழிக்குத் தவிடு கரைக்க வேண்டும். பந்தை எடுத்து மீண்டும் மடியில் வைத்துவிட்டுப் போவாள்.

செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள், பல் துலக்கிக்கொண்டு நின்ற மனிதருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கையிலிருந்த செம்பு விழுந்தது. வேலாயி கத்தவில்லை. முதலில் மணியைப் பார்த்தாள்: ஆறு நாற்பது. டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான் என்று அவளுக்குத் தெரியும். கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் நோயாளர் பராமரிப்பு வேலை பார்த்தவள். அதற்கு முன்னால் ஆறு மாதம் அதற்கான பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவள். ஏழு மணிக்கெல்லாம் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அதனால் வாய் நேரானது. டிசம்பருக்குள் காலும் வந்தது. தடி ஊன்றி முற்றம் முழுக்க நடந்தார். இடது கை மட்டும் வரவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு எடுக்க மறந்த பொருளைப் போல அது மடியில் கிடந்தது.

பேராதனையில் கிளினிக்குக்குப் போகும்போது கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் தர்ஷிகா. சின்ன வயதுதான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். ஜனவரியில் வேலாயியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அம்மா, வர்றதுல பெரும்பகுதி முதல் ஆறு மாசத்துல வந்துரும். பெப்ரவரி இருபத்தஞ்சாம் திகதி பார்ப்பேன். கொஞ்சமாவது பிடி இருந்தா இந்த இடத்த ஐயாவுக்கே வச்சிருப்பேன். ஒண்ணுமே இல்லன்னா, காத்திருக்கிற வேற ஆளுக்குக் குடுக்கணும். அதோட கை இப்படியே நிக்கும்னு நீங்க மனச தேத்திக்கணும்."

"சரி மிஸ்" என்றாள் வேலாயி. இப்படி நேராகச் சொல்கிறவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

ஒரு கை இல்லாத மனிதரைப் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை. சாரம் கட்டிவிடலாம், சட்டைப் பொத்தான் போட்டுவிடலாம், மீனில் முள் எடுத்துக் கொடுக்கலாம். அவளால் தாங்க முடியாதது அவர் உட்கார்ந்திருப்பது. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர் அவர். தேயிலைச் செடி உயர்ந்து போனால் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மறுபடி தளிர்க்க வைக்கிற வேலை. மலையை அண்ணாந்து பார்த்தே வாழ்ந்த ஆள் இப்போது காலையிலிருந்து மாலைவரை ஒரே கதிரையில் இருக்கிறார். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. பேச்சு கால்வாசிதான். இப்படி எத்தனை ஆண்களை வார்டில் பார்த்திருக்கிறாள்! நோய் வருத்தத்தில் போனவர்களைவிடக் கதிரையில் போனவர்கள் அதிகம். அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்க அவள் தயாராக இல்லை.

அவர் கை மடியில் கிடந்தாலும் தோட்டம் அவளை விடவில்லை.

மாசி பிறப்பதற்கு முந்தைய நாட்கள் கண்டிப் பக்கத்தில் வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு நல்ல நாட்கள். பெருமழை முடிந்திருக்கும். அட்டை ஒளிந்திருக்கும். களையும் சோம்பலாகத்தான் முளைக்கும். விடியலில் பனி இறங்கி மண்ணை நனைத்துவைக்கும். ஒன்பது மணி தாண்டினால் முதுகில் வெயில் இதமாக ஏறும். கலகெதரைக்குப் போகிற ரோட்டிலிருந்து மேலே ஏறினால் அவர்களுடைய பத்துப் பேர்ச் துண்டு நிலம். பதினைந்து வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்றபோது வாங்கியது. சரிவை வேலாயி மூன்று தட்டாகக் கல் வைத்துக் கட்டியிருந்தாள். மேல்தட்டில் பாதையோரம் ரோஜா, நடுத்தட்டில் போஞ்சியும் கத்தரியும் முள்ளங்கியும், கீழே ஈரத்தில் வல்லாரை.

காலையில் வெறுங்காலோடு இறங்கி ஒரு முள்ளங்கியைப் பிடுங்குவாள். பனிபட்ட மண்ணிலிருந்து அது எதிர்ப்பில்லாமல் வரும். வாளித் தண்ணீரில் அலசி, அங்கேயே ஒரு கடி. நாக்கில் சுரீரென்று ஏறும். பிறகு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து இஞ்சி போட்ட வெறுந்தேநீர். கோழி காலடியில் கிளறும். பக்கத்து மேட்டில் யாரோ சருகைக் கூட்டி எரிக்கிற புகை மரங்களுக்கு நடுவில் நேராக எழும். பத்து நிமிடம். அதற்குமேல் உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

ரோஜா பதினோரு செடி. கடும் சிவப்பு. மருத்துவமனை முற்றத்தில் வெட்டி வீசிய குச்சிகளை ஈரக் கட்டுத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து, பால்மா டின்களில் வைத்து முளைப்பித்தவை. ஆளுயரம் வளர்ந்திருந்தன. மேல்வீட்டு றமீஸாவின் ஜன்னலுக்கு நேரே அவைதான் தெரியும். நவம்பரில் ஒருநாள் றமீஸா ஜன்னல் வழியாகவே கேட்டாள்.

"வேலாயியக்கா, எங்கட மகள்ட கலியாணம் பெப்ரவரி இருபத்திமூணு, ஞாயித்துக்கிழம. அதுக்கு அடுத்த கெழம நோன்பு தொடங்கிரும், அதனால தள்ளிப்போட ஏலா. பொண்ணு இருக்கிற மேடைக்கு உங்கட பூதான் வேணும். அவ சின்னதுல இருந்து இந்த ஜன்னலால பாத்து வளர்ந்த பூ."

"எத்தன வேணும்?"

"அறுபது தருவீங்களா?"

"தர்றேன்" என்றாள் வேலாயி. சொன்னால் சொன்னதுதான். ஜனவரி முழுக்கச் செடிகளுக்கு மாட்டெருவும் தேயிலைச் சக்கையும் வாழைத்தோலும் போட்டாள். பெப்ரவரி பிறந்ததும் நுனிக் கிளைகளில் கடலை அளவு மொட்டுக்கள் எட்டிப் பார்த்தன.

பதினோராம் திகதி செவ்வாய்க்கிழமை, போஞ்சி விதையும் அவருடைய பிரஷர் மாத்திரையும் வாங்க அவள் கலகெதரைக்குப் போக வேண்டியிருந்தது. கதிரையை மாமர நிழலுக்கு இழுத்துப் போட்டாள். பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தலில் தேநீர், ஒரு பழைய தகரத்தட்டு, ஒரு அகப்பைக்காம்பு. குரங்கு வந்தால் தட்டி விரட்ட வேண்டும். அந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம் அது ஒன்றுதான்.

"கொரங்கு வந்தா தட்டுங்க."

"வராட்டி?"

"வராட்டியும் இடைக்கிட தட்டுங்க. நீங்க உசுரோட இருக்கீங்கன்னு றமீஸாவுக்குத் தெரியட்டும்."

பந்தை மடியில் வைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

திரும்பி வரும்போது பன்னிரண்டு மணியாகிவிட்டது. ரோட்டிலிருந்து ஏறுகிறபோதே காதைத் தீட்டினாள். தட்டுச் சத்தம் இல்லை. குரங்குகளோ வீட்டுக் கூரையில் வரிசையாக உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. றமீஸா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"காலையில தட்டினார் அக்கா. பொறகு சத்தமில்ல. ஒறங்கிறார் எண்டு நெனச்சன். நான் குசினியில அடுப்புப் பக்கம் நிண்டேன்."

வேலாயி பையைப் போட்டுவிட்டு ஏறினாள். கதிரை காலி. பந்து புல்லில் கிடந்தது. மேல்தட்டில், பாதையோரம், ராஜலிங்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. தலை குனிந்திருந்தது.

அவள் எதையும் பார்க்கவில்லை. அவர் முன்னால் குந்தி, தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"சிரிங்க."

"என்னா?"

"சிரிங்கன்னா சிரிங்க!"

"என்னத்துக்குச் சிரிக்க?"

"பல்லக் காட்டுங்க மனுசா!"

அவர் பயந்துபோய்ப் பல்லைக் காட்டினார். வாயின் இரண்டு பக்கமும் சமமாக ஏறியது. பேச்சும் குழறவில்லை. களைப்புதான், வேறு ஒன்றும் இல்லை. வேலாயி மூச்சை விட்டாள். அதற்குப் பிறகுதான் அவரைச் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தாள்.

பதினோரு ரோஜாவும் முழங்கால் உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தன. மொட்டோடு சேர்ந்த கிளைகள் பாதை நெடுக விழுந்து கிடந்தன. அவர் காலடியில், அலுமாரிக்கு மேலே மெழுகுத் துணியில் சுற்றிப் போட்டிருந்த கவ்வாத்துக் கத்தி, தன் வளைந்த நுனியோடு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு கிளையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"கவ்வாத்து."

"அது தெரியுது! ஏன்?"

"அஞ்சு மாசமா இந்தக் கதிரையில ஒக்காந்து இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் புள்ள. எல்லாம் மேல மேல போயிட்டு இருக்கு. அடியில பூரா காஞ்ச கட்ட. கவ்வாத்து பாத்து எத்தன வருசம்? பாக்கவே வெக்கமா இருந்திச்சு."

"இது தேயில இல்ல!"

"செடி செடிதான். மொழங்கால் ஒசரம்தான் கணக்கு."

"றமீஸா மக மேடையில வைக்க அறுபது பூ கேட்டா. இப்ப என்னத்த வைக்கிறது? கொழுந்தா?"

அவர் தலையைத் திருப்பி வெட்டிய செடிகளைப் பார்த்தார். கலியாணம் அவர் நினைவில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வெயில் காய்ச்சல் நாள்ல கவ்வாத்து வெட்டினா செடி செத்துரும்னு தோட்டத்துல ஒங்களுக்குச் சொல்லித் தரலையா? மழையே இல்லாத மாசம் இது."

"மூச்சுக்குக் கிளை விட்டிருக்கேன்" என்றார் அவர் மெதுவாக. ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு கிளை இலையோடு வெட்டுப்படாமல் நின்றது. வெயில் நாளில் வெட்ட நேர்ந்தால் செடி மூச்சுவிட அப்படி ஒரு கிளையை விடுவது கவ்வாத்துக்காரர்கள் வழக்கம். "தண்ணி ஊத்தினா பொழைச்சுக்கும்."

"தண்ணிய நீங்களா ஊத்தப் போறீங்க?"

அவரைத் தூக்கி நிறுத்தி, தடியைக் கொடுத்து, கதிரையில் உட்காரவைத்துத் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு அவள் மேல்வீட்டுக்கு நடந்தாள். கெட்ட செய்தியைத் தள்ளிப்போட்டால் அது இன்னும் கெட்டுப்போகும். அவள் வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது.

றமீஸா ஏற்கனவே ஜன்னலிலிருந்து எல்லாம் பார்த்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அல்லாவே! அவருக்கு ஒண்டும் இல்லதானே?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். ஒனக்குக் குடுத்த வாக்குப் போச்சு. அந்தக் குச்சியெல்லாம் தளிர்த்து மொட்டு வைக்க ரெண்டு மாசம் போகும். மன்னிச்சுக்க."

றமீஸா கீழே கிடந்த கிளைகளைப் பார்த்தாள். அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. பிறகு, "சரி, என்ன செய்யிற? பூ கடையில வாங்கலாம். மனுசன வாங்க ஏலாதே" என்றாள்.

"இந்த மனுசன சும்மா குடுத்தாலும் வாங்க ஆளில்ல" என்றாள் வேலாயி. றமீஸா சிரித்துவிட்டாள். வேலாயி சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பு மொட்டுக்கள் வெயிலில் வாடுவது மேலே நின்று பார்க்க இன்னும் நன்றாகவே தெரிந்தது.

மூன்று மணிக்கு அவரைக் குளிக்க வார்க்க உட்காரவைத்தாள். தலைக்கு ஊற்றினாள், முதுகைத் தேய்த்தாள், வலது கையைக் கழுவினாள். இடது கையை எடுத்து, மடங்கியிருந்த விரல்களை வழக்கம்போல ஒவ்வொன்றாக விரித்துச் சவர்க்காரம் போட்டாள்.

"ஆவ்" என்றார்.

"என்னா ஆவ்?"

"குத்துது."

வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் முள். ஒன்றல்ல, ஆறேழு. விரல்களின் அடியிலும் இரண்டு. வெளிறிய தோலுக்குள் கறுப்பாக நுனி தெரிந்தது. சிலவற்றைச் சுற்றி இரத்தம் காய்ந்திருந்தது.

வேலாயி சவர்க்காரத்தைக் கீழே வைத்தாள். கை மடியில் கிடந்திருந்தால் புறங்கையில் கீறலாம், முழங்கையில் கிழிக்கலாம். மடங்கிய உள்ளங்கைக்குள் முள் தானாக நுழையாது. எதையாவது இறுக்கிப் பிடித்தால்தான் உண்டு.

"வெட்டும்போது கிளைய எதால பிடிச்சீங்க?"

"கையாலதான்."

"எந்தக் கையால?"

அவர் யோசித்தார். வலது கையைப் பார்த்தார். அதில் கத்தி இருந்திருக்க வேண்டும். இடது கையைப் பார்த்தார். மறுபடி வலது கையைப் பார்த்தார்.

"தெரியல புள்ள" என்றார் கடைசியில். "நான் கவனிக்கல."

அவள் அவர் மேல் துண்டைப் போர்த்திவிட்டு மேல்தட்டுக்கு ஏறினாள். அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான். கவ்வாத்து வெட்டைப் படிக்கத் தெரியும். முதல் செடியில் வெட்டு பிய்ந்து, பட்டை கீழே வரை உரிந்திருந்தது. கிளையைத் தடியால் அழுத்தி ஒரு கையால் கொத்தியிருக்கிறார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் ஒரு கிளை பிய்ந்தும் ஒரு கிளை ஒழுங்காகவும். ஐந்தாவதிலிருந்து வெட்டு சாய்வாக இறங்கியது. எட்டாவதில் கண்ணாடி மாதிரி, ஒரே இழுப்பு. கிளையை இடது கை வளைத்துப் பிடிக்காமல் அப்படி ஒரு வெட்டை எந்தக் கவ்வாத்துக்காரனாலும் வெட்ட முடியாது. கடைசி இரண்டும் கொஞ்சம் கோணல், கை களைத்திருக்கிறது.

வரிசையை இரண்டு தரம் நடந்து பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் பதினோராம் திகதிக்குக் கீழே எழுதினாள்: இடது கை பிடித்தது. உள்ளங்கையில் வலி தெரிகிறது.

ஊசியைத் தணலில் காட்டி முள்ளை எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் கத்தினார்.

"மெதுவா! வலிக்குது!"

"வலிக்கட்டும். போன மாசம் சுடுதண்ணி பட்டதே தெரியல ஒங்களுக்கு."

"கோவம் போயிருச்சா?"

"இல்ல" என்றாள் வேலாயி. அது உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. ஒன்று மற்றதைத் துடைக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் புதிய சட்டம். பந்து கிடையாது. காலையில் பனி உலர்ந்ததும் இரண்டு மணித்தியாலம் கத்தி. எதை வெட்டலாம் என்பதை அவள் சொல்வாள். வேலியில் கிளிசரியாவும் செம்பருத்தியும் மட்டும். எலுமிச்சை மரத்தின் பக்கம் கத்தியோடு போகக்கூடாது. நிழலில் நின்று வெட்ட வேண்டும், ஒவ்வொரு பத்துக் கிளைக்கும் உட்கார வேண்டும், தேநீர் குடிக்க வேண்டும்.

"தொரைகூட இப்படி வேல வாங்கல" என்றார்.

"தொரையோட ரோசாவ நீங்க வெட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

இடது கை எல்லா நாளும் கேட்கவில்லை. கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீட்டினால் பிடிக்காது. கத்தியில் கண்ணை வைத்து, வெட்டில் மனதை வைத்தால், அது தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. வேலாயி அதைக் கண்டுபிடித்ததும், அவர் வெட்டும்போது பக்கத்தில் நின்று கோழி விலை, குரங்குத் தொல்லை, றமீஸா வீட்டுக்கு வந்த சாமான் என்று எதையாவது பேசிக்கொண்டே இருந்தாள். கையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

வெட்டிய ரோஜாக் கிளைகளில் பாதியை, தோட்டத்தில் மிலாறு என்று சொல்கிறார்களே, அந்தக் கவ்வாத்துச் சுள்ளியைப் போட்டுச் செடியை மூடுவதுபோல, வெட்டுகளின் மேல் பரப்பி வெயில் படாமல் மறைத்தார்கள். சாயங்காலம் ஒவ்வொரு செடிக்கும் ஒரு வாளி. அரை வாளியை அவர் இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு போனார். பாதி சாரத்தில் சிந்தியது. மீதிக் கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிப் பால்மா டின்களில் நட்டார்கள். குச்சியை இடது கையால் நேராகப் பிடிப்பது அவர் வேலை, மண் போட்டு இறுக்குவது அவள் வேலை. ஒரு டின்னுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் தனியாக நாலு டின் நட்டிருப்பாள். அவள் அவசரப்படவில்லை. வெயில் தணிந்த நேரம், மண் குளிர்ந்திருக்கும். கையை அதற்குள் வைத்துக்கொண்டிருப்பதே சுகமாக இருந்தது. அந்த வாரம் ஒருநாள் சாப்பிடும்போது அவர் இரண்டாவது தரம் சோறு கேட்டார்.

கலியாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை, அவர்தான் கூப்பிட்டார்.

"இந்தா புள்ள, வந்து பாரு."

மூச்சுக்கென்று விட்ட கிளைகளில் அவர் வெட்டாமல் தப்பிய மொட்டுக்கள் இருந்தன. செடியின் சாறெல்லாம் அந்த ஒரு கிளைக்கே போனதோ என்னவோ, அவை கைப்பிடி அளவு விரிந்திருந்தன. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. இரண்டை வண்டு தின்றிருந்தது. ஏழு.

"இலைய விட்டுட்டுப் பூவ மட்டும் எடு. இலைதான் மூச்சு."

"எனக்குத் தெரியும். கிளைய வளைச்சுப் பிடிங்க."

அவர் இடது கையை நீட்டி முள் இல்லாத இடம் பார்த்துப் பிடித்தார். இந்த முறை பார்த்துக்கொண்டே பிடித்தார். வேலாயி கத்தரிக்கோலால் பூவை வெட்டினாள். ஏழு தரம். நாலாவது தரம் கை வழுக்கிக் கிளை அவள் முகத்தில் அடித்தது. அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஏழு பூவையும் வாளித் தண்ணீரோடு கொண்டுபோய்க் கொடுத்தபோது றமீஸா மேடையைப் பற்றிப் பேசவில்லை. கடையில் வாங்கிய வெள்ளைப் பூவுக்கு நடுவே அந்தச் சிவப்பை வைத்து மகள் கையில் பிடிக்கக் கட்டினாள். ராஜலிங்கம் புதுச் சாரம் கட்டி, தடியோடு மேல்வீட்டுக்கு ஏறிப் போய்ப் பிரியாணி சாப்பிட்டார். ஏறினது எட்டு மாடி உயரம் என்று திரும்பி வந்து இரண்டு தரம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, இருபத்தைந்தாம் திகதி, பேராதனைக்குப் போனார்கள். இரண்டு நாளாக அவர் கை சரியாகக் கேட்கவில்லை. பயம் வந்தால் அது கைக்கும் தொற்றிக்கொள்ளும் போலிருந்தது.

தர்ஷிகா பந்தை நீட்டினாள். "ஐயா, நசுக்குங்க பார்ப்போம்."

அவர் பந்தைப் பார்த்தார். விரல் அசையவில்லை.

"சரி, பந்து வேணாம். என் கையப் பிடிங்க."

ஒரு வயசுப் பெண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னதும் அவர் வேலாயியைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. கை மடியை விட்டு எழும்பவே இல்லை. தர்ஷிகா காகிதத்தில் எழுதப் பேனாவை எடுத்தாள்.

"மிஸ், ஒரு நிமிசம்" என்றாள் வேலாயி. பைக்குள்ளிருந்து முள் சீவின ரோஜாக் குச்சி ஒன்றை எடுத்தாள். அவர் பக்கம் நீட்டி, "நேத்து அந்தச் செம்பருத்திய எங்க வெட்டினீங்க, காட்டுங்க. கோணலா வெட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

"யாரு கோணலா?" என்று அவர் குச்சியைப் பிடுங்கினார், இடது கையால். வலது கையைக் கத்திபோல் வைத்து, "இப்பிடி வளைச்சு, இப்பிடி இழுப்பேன். கோணலாம்!"

தர்ஷிகா குச்சியின் மறுநுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அவர் கதிரையோடு முன்னால் வந்தாரே தவிர குச்சியை விடவில்லை.

"போதும் ஐயா, விடுங்க."

அவர் விட முயன்றார். விரல் திறக்கவில்லை. தர்ஷிகா ஒவ்வொரு விரலாக விரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"பிடிக்க வந்திருச்சு. விடத்தான் இன்னும் வரல" என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "கட்டைவிரலும் மெதுவாத்தான் இருக்கு. அதெல்லாம் வர மூணு மாசம் எடுக்கும். இடத்த ஐயாவுக்கே வச்சிருக்கேன்."

"பிடிச்சா விடாதது கலியாணம் கட்டின நாள்ல இருந்தே உள்ள வருத்தம் மிஸ்" என்றாள் வேலாயி. அவள் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் கிளினிக் அட்டையை வாங்கிப் பைக்குள் வைக்க மூன்று தரம் முயல வேண்டியிருந்தது.

"வீட்டுல என்ன பயிற்சி குடுத்தீங்க?"

"கவ்வாத்து."

தர்ஷிகா அதையும் எழுதிக்கொண்டாள்.

மார்ச் நடுவில் முதல் மழை பெய்தது. ஒன்பது ரோஜாவில் வெட்டுக்குக் கீழே சிவப்பு நுனிகள் வெடித்தன. முதலில் பிய்த்து வெட்டிய இரண்டும் காய்ந்துபோயின. வேலாயி அவற்றைப் பிடுங்கி அடுப்புக்கு வைத்துவிட்டு, அந்தக் குழிகளில் டின்னில் முளைத்த குச்சிகளை நட்டாள். மஞ்சள் பந்து எங்கே என்று யாரும் தேடவில்லை. கோழி அடைகாக்குமா என்று பார்க்க அவள்தான் அதைக் கூட்டுக்குள் வைத்திருந்தாள்.

வெயில் ஏறுமுன் ஒருநாள், தீட்டுக்கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டே ராஜலிங்கம் வேலியோரம் பார்த்தார்.

"அந்த எலுமிச்ச ரொம்ப மேல போயிட்டு இருக்கு புள்ள."

"தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன்."

"எந்தக் கைய?"

வேலாயி முள்ளங்கியை வாளியில் அலசி நிமிர்ந்தாள்.

"ரெண்டையும்" என்றாள்.